மூன்றாவது துணி

சகாயமேரி வண்டியைக் கழுவியது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் சவுரியப்பனுக்கு வருஷப் பூசை. பூசை முடிந்ததும் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிப்பார் என்று பேச்சு. அழுக்கோடு எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். கிரீஸ் நாற்றமும் பீடி நாற்றமும் ஒன்றாக வந்தன. பிறகு மண்ணெண்ணெய் டப்பாவையும் பழைய சேலைத் துண்டையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஜெபமாலை சொல்லிக்கொண்டே துடைத்தாள். அடியில் கைவிட்ட இடத்தில் ஒரு துணி தட்டுப்பட்டது. நீலக் கட்டம் போட்ட லுங்கியின் கிழிசல். முடிச்சுப் போட்டிருந்தது. நகத்தால் அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. கை துடைக்க அங்கங்கே கட்டி வைத்திருப்பார் என்று நினைத்தாள். கை துடைப்பதற்கு அந்த மனுஷனுக்கு இடம் பொருள் கிடையாது. அவள் முந்தானையிலேயே துடைத்திருக்கிறார்.

லுங்கியை அவளுக்குத் தெரியும். அரூர்ச் சந்தையில் அவள் எடுத்துக் கொடுத்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. மூன்று கிழிசல்களையும் சவுக்காரம் போட்டு அலசினாள். கறை போகவில்லை. வேலிப் படலில் காயப்போட்டாள்.

தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்தில், சேலம் போகும் ரோட்டோரம் சவுரியப்பனின் பட்டறை. பின்னால் வீடு. கணவாயில் கவிழ்ந்த லாரிகள் அங்கேதான் வந்து சேரும். செத்த லாரியை எழுப்பி நடக்கவிடுவது அவர் பிழைப்பு. பிழைப்போடு நின்றிருந்தால் அவர் பெயர் தொப்பூரைத் தாண்டியிருக்காது.

அறுபத்தோராம் வருஷம் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் வால்வு வாங்கினார். வால்வைச் சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ அமெரிக்கப் பத்திரிகையின் பக்கம். அதில் ஒரு கார். கூரையை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். மட்கார்டு இல்லை. எஞ்சின் திறந்து கிடந்தது. காரை வெட்டியவன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சவுரியப்பன் தாளை நீவி, சோற்றைத் தேய்த்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"இவரு எந்த ஊரு அந்தோணியாருங்க?" என்று சகாயமேரி கேட்டாள்.

"காரை வெட்டி வெளையாடறான் பாரு. கெழட்டு வண்டி. எப்படி நிக்குது பாரு!"

ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில், வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃபோர்டு கார் ஒன்று கிடந்தது. உலகச் சண்டைக்கு முந்தினது. எட்டு சிலிண்டர். அதை லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை வெட்டினார். கூட இருந்தவர் பச்சியப்பன் ஒருவர்தான். அரூர்க்காரர், அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இவர் பூசைக்குப் போகாமலும் அவர் கோயிலுக்குப் போகாமலும் இரண்டு பேரும் வண்டியடியில் கிடந்தார்கள்.

ஊர் சிரித்தது. நல்ல காரை வெட்டுகிறவன் நாளைக்கு எதை வெட்டுவானோ என்றது. அறுபத்து நாலில் வண்டி வெளியே வந்தபோது சிரிப்பு நின்றது. முட்டி உயரத்துக்குத் தாழ்ந்த முகம். மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடுகிற நாய் மாதிரி ஓடியது. முகம் தாழ வேண்டும் என்பதற்காகச் சின்ன ரேடியேட்டர் வைத்தார். அதனால் மேடு ஏறினால் கொதிக்கும். "கொதிச்சா கொதிக்கட்டும். அழகுக்குன்னு ஒரு கஷ்டம் இருக்குதில்ல" என்பார்.

லாரிக்காரர்கள் அதற்கு வெட்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை பார்க்கச் சேலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் மூன்று பேர் தாங்களும் ஆளுக்கொரு பழைய காரை வாங்கி அவரவர் கொட்டகையில் வெட்டினார்கள். சவுரியப்பனை அண்ணன் என்றார்கள். ஒருமுறை மெட்ராஸ் பக்கம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனார். சேர்த்துக்கொள்ளவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். "அங்க இருக்கறதெல்லாம் வாங்குன வண்டி. செஞ்ச வண்டி ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

சகாயமேரிக்கு அந்த வண்டி ஒருநாளும் பிடிக்கவில்லை. கணவாயிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் லாரிகளின் இருக்கையில் என்ன ஒட்டியிருக்கும் என்று பார்த்தவள் அவள். மகன் சின்னப்பராஜ் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சவுரியப்பன் மறுக்கவில்லை. மகன் படித்தான். தர்மபுரியில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா ஆனான். சங்கத்து ஜீப்பில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். அப்பாவின் ஸ்பேனர் எது, எத்தனை என்று அவனுக்குத் தெரியாது.

எழுபத்தொன்றில், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் சவுரியப்பனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. வண்டியடியில் கிடந்தவர் எழுந்து வந்து கை கழுவினார். தார்ப்பாயைப் போட்டு மூடினார். "வந்து முடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தர்மபுரி பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்புதான் வந்தது.

வருஷம் திரும்பியது. சேலத்துக்காரர்கள் மூன்று பேரும் சனிக்கிழமையே தங்கள் வெட்டு வண்டிகளோடு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவன் ராஜாமணி. பஸ் கூண்டு கட்டுகிறவன். சவுரியப்பனின் வண்டிக்குப் புது பேட்டரி வைத்தான், பெட்ரோல் ஊற்றினான், சக்கரத்துக்குக் காற்று அடித்தான். அதோடு கையைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்வளவுதான் அண்ணி. வேற ஒரு நட்டுலகூட ஸ்பேனர் வெக்க மாட்டோம். அண்ணன் வுட்டது வுட்டபடி இருக்கணும்."

அது அவளுக்கும் சரியென்று பட்டது. அவர் கை கடைசியாகப் பட்ட இடத்தில் இன்னொரு கை எதற்கு?

"நான்தான் ஓட்டுவேன்" என்றான் சின்னப்பராஜ்.

"நீ ஒண்ணும் ஓட்ட வேண்டாம்."

"ஒரு நாள்மா. ஒரே ஒரு நாள். அவரு பெத்த புள்ள நானு. இவங்க ஓட்ட, நான் பாத்துக்கிட்டு நிக்கவா?"

அப்பன் சவப்பெட்டிக்குள் கிடந்தபோது அழாத பையன். வருஷம் முழுவதும் அழாத பையன். இப்போது குரல் உடைந்தது. அவள் சரியென்றாள்.

அந்தோணியார் குருசடியில் பூசை நடந்தது. சாமியார் நான்கு வண்டிகளுக்கும் தீர்த்தம் தெளித்தார். நான்கும் கணவாய் ஏற வேண்டும், மேலே டீக்கடையில் ஒரு டீ குடிக்க வேண்டும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் பட்டறைக்கு வர வேண்டும், அண்ணன் வண்டி முதலில். அதுதான் நினைவு ஊர்வலம். அதன்பிறகு கறிச்சோறு. எட்டு சிலிண்டர் உறுமியபோது அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். சகாயமேரி பொத்தவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற சத்தம். மகன் அவளைப் பார்த்துக் கை காட்டினான். நான்கு வண்டிகளும் போயின.

பச்சியப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கியது அதற்குக் கொஞ்சம் பிறகு. அவர் இப்போது திருவண்ணாமலை லைனில் பஸ் ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. மாத்தாள் வரல. நேத்தே வந்திருக்கணும் நானு."

"பூசை முடிஞ்சிருச்சுங்கண்ணா. வண்டிங்க இப்பத்தான் மேல போச்சு."

"பாத்தனே! நாங்க எறங்கறோம், அவங்க ஏறறாங்க. உம் பையன் அப்படியே அவங்கப்பன் உக்காரறாப்பலயே ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருக்கறான். நான் சன்னல்ல கைய வுட்டு ஆட்டறேன், அந்தக் கண்டக்டர் என்னையத் திட்டறான், 'பெரியவரே, கை வேணுமா வேண்டாமா'ன்னு. ஏன்டா, நானே டிரைவருடான்னு..."

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வேலிப் படலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன துணி?"

"அவுரு துணிதாங்க. வண்டில கட்டியிருந்துச்சு. தொவைச்சுப் போட்டேன்."

"வண்டில கட்டியிருந்துச்சா?"

"அடில. ஏங்கண்ணா?"

பச்சியப்பன் படலுக்குப் போனார். துணிகளைத் தொடவில்லை. எண்ணினார். திரும்பி வந்தார்.

"தங்கச்சி, அவன் முழுசா முடுக்காத நட்டுலதான் துணி கட்டுவான். முடுக்கிட்டுத்தான் அவுப்பான். நானும் அவனும் வேலை செஞ்சா அப்படித்தான். ஒருத்தன் பாதில எந்திரிச்சுப் போனா இன்னொருத்தனுக்குத் தெரியணுமில்ல? துணி இருக்கற வண்டிய நவுத்தக் கூடாது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மூன்று துணிகளையும் படலிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஏன் பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

மேலே போகிற பஸ் எதுவும் வரவில்லை. கார் ஒன்று நிற்காமல் போனது. ஒரு சிமெண்டு லாரி வந்தது. பச்சியப்பன் குறுக்கே போய் நின்றார். டிரைவர் கன்னடம் கலந்து திட்டினார். விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுக்கா. ஆனா ஒண்ணு, இது லோடு வண்டி. பேக பேக, சீக்கிரம் போன்னு என்னைய வெரட்டக் கூடாது. வெரட்டுனாலும் போவாது."

போகவில்லை. முதல் வளைவிலேயே லாரி முக்கத் தொடங்கியது. இரண்டாவது வளைவில் கிளீனர் கீழே குதித்துவிட்டார். நரைத்த தாடிக்காரர். தோளில் ஒரு கட்டை. வண்டி பின்னால் வழுகினால் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பதற்கு. கட்டையோடு லாரிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். பீடி பற்றவைத்தார். அதற்காக நின்றார், பிறகு இரண்டு எட்டில் லாரியைப் பிடித்துவிட்டார். சகாயமேரி அதைப் பார்த்தாள். லாரி போகும் வேகம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"கொஞ்சம் மிதிங்கண்ணே."

"தரைக்கே மிதிச்சிட்டேங்க்கா. இதுக்கு மேல மிதிச்சா என் காலு ரோட்டுல இருக்கும்."

பச்சியப்பன் அவள் பக்கம் திரும்பினார். "எங்கெங்க கட்டியிருந்துச்சு? யோசிச்சுச் சொல்லு."

"முன்னாடி, சக்கரத்துக்கு உள்ளாற, குறுக்க ஒரு கம்பி போவுதுங்களே, அந்த மொனையில."

பச்சியப்பன் கண்ணை மூடினார். "ஸ்டியரிங்கு."

"அது கழண்டா?"

"திருப்பினா திரும்பாது."

கணவாயில் எத்தனை வளைவு என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் எந்த லாரி கவிழ்ந்தது என்றுகூடத் தெரியும்.

"அப்பறம்?"

"பின் சக்கரத்துக்கிட்ட ஒண்ணு. ஒரு கம்பி, அதுல ஒரு ஊசி."

"பிரேக்கு. மூணாவது?"

அவள் கையில் இருந்த துணிகளைப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

"தெரியலைங்கண்ணா."

"யோசி."

"தெரியலைங்களே! தொடைச்சுக்கிட்டே வந்தேன், கெடைச்சுது, அவுத்தேன்."

மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வளைவில் ஒரு தாழ்ந்த முகம் திரும்பியது. சிவப்பு வண்டி. ராஜாமணி. அண்ணன் வண்டிதானே முதலில் வர வேண்டும்? சகாயமேரி சன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினாள். "எம் பையன் எங்க? ராஜாமணி, எம் பையன் எங்க?" அவன் எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணி ஊர்வலம் பார்க்க வருகிறாள் என்று நினைத்தான் போல. கையை உயர்த்திச் சிரித்தான். போய்விட்டான். பின்னாலேயே மஞ்சள் வண்டி. அதற்குப் பின்னால் பச்சை. இரண்டும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

பிறகு ரோடு காலியாக இருந்தது.

அவள் பள்ளத்தின் பக்கம் பார்த்தாள். கருவேல மரங்கள். போன மாதம் கவிழ்ந்த லாரியின் சக்கரம் ஒன்று இன்னும் கீழே கிடந்தது. புகை ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வராவிட்டால் நல்லதா, கெட்டதா?

கதவைத் திறந்து குதித்தாள். குதிக்கிற அளவுக்குத்தான் லாரியின் வேகம் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். லாரியைத் தாண்டினாள். கிளீனரைத் தாண்டினாள். "ஓரமா போ தாயி" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் உடைந்த தடுப்புச் சுவரைப் பார்த்தாள். பழைய உடைப்பா, புது உடைப்பா? மாதாவே என்றாள். அடுத்த வளைவில் சவுரியப்பனைத் திட்டினாள். துணி கட்டத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து என்னென்னவோ பேசினாயே. கோழிக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டாயே. இதைச் சொன்னாயா?

மேலே ஏறியபோது டீக்கடை தெரிந்தது. கடைக்கு முன்னால் வெட்டு வண்டி நின்றது. முகத்திலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. சின்னப்பராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

வண்டி கொதித்திருந்தது.

சகாயமேரி வண்டியின் முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா? என்னாச்சு? எதுக்கு இப்படி ஓடியாந்தே?" பிறகு அவன் கடைக்காரரைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "எந்திரி. ஆறிருச்சு, இப்ப எறங்கப் போறேன். நான் வர்றதைக் கீழ நின்னு பாக்கணும்னு அவங்க முன்னாடியே போயிட்டாங்க. எந்திரிம்மா, மானம் போவுது."

அவள் தலையை ஆட்டினாள். முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள்னு சொன்னே. அதுக்கும் பொறுக்கலையா உனக்கு? அவரு இருந்தப்பவும் என்னைய வுடல. இப்பவும் வுட மாட்ட!"

அவளுக்கு மூச்சு இறைத்தது. சக்கரத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

லாரி வந்து சேர்ந்தது. பச்சியப்பன் இறங்கிய கையோடு வண்டியடியில் மல்லாந்து நுழைந்தார். கொஞ்ச நேரம் அவருடைய கால் மட்டும் தெரிந்தது. பிறகு கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் ஒரு நட்டு.

"ஸ்பேனரு வெக்கல மாப்ள. ரெண்டு வெரலு. ரெண்டே வெரல்ல வந்திருச்சு."

சின்னப்பராஜ் நட்டைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். பொத்தானைத் தப்பித் தப்பிப் போட்டான்.

பச்சியப்பன் லாரியிலிருந்து ஸ்பேனர் வாங்கி அதை முடுக்கினார். பின்னால் போய், பிரேக் கம்பியில் பாதி வெளியே வந்திருந்த ஊசியைச் சரியாக அடித்து மடக்கினார். எழுந்தார்.

துணி கட்டிய கதையைச் சொன்னார். "இன்னொண்ணு இருக்குது" என்றார்.

தேடினார்கள். கைக்கு எட்டிய நட்டையெல்லாம் அவர் அசைத்துப் பார்த்தார். லாரி டிரைவரும் படுத்துப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை.

"சீட்டுக் கம்பில கட்டியிருந்துச்சோ என்னமோ" என்றான் சின்னப்பராஜ். அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "யோசிச்சுப் பாரும்மா. சீட்டுல கட்டியிருந்தா ஒண்ணுமில்லதான? கை தொடைக்கறதுக்குக் கட்டியிருப்பாரு. சீட்டுலதான்னு சொல்லும்மா."

அவன் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் எழுந்துபோய் உட்கார்ந்துகொள்வான்.

"இரு" என்றாள்.

எழுந்து வண்டியின் இடது முனைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை அங்கேதான் தொடங்கினாள். கையை வண்டியில் வைத்தாள். ஜெபமாலையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைக்கு உரியவை ஐந்து துக்க தேவ இரகசியங்கள். பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்த வியர்வை வியர்த்தது. சொல்லிக்கொண்டே கையை நகர்த்தினாள். கற்றூணில் கட்டி அடிக்கப்பட்டது. கை முன் சக்கரத்துக்கு உள்ளே போயிற்று. "இங்க. இங்கதான் மொதத் துணி." முள்முடி. சிலுவை சுமந்தது. கை பின் சக்கரத்துக்கு வந்திருந்தது. "இங்க ரெண்டாவது." டீக்கடைக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சிலுவையில் அறையுண்டது. கை வண்டியின் மறுபக்கம் போயிற்று. துணி இல்லை. ஐந்தும் முடிந்தன. ஜெபமாலை முடிவில் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரத்தைத் தொடங்கினாள். அதில் கண்ணீர்க் கணவாய் என்று ஓர் இடம் வரும்.

அங்கே அவள் கை நின்றது.

வெள்ளிக்கிழமையும் அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த ஒரு வருஷத்தில் அப்படி அழுததில்லை. வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எழுந்து, சுற்றி, மறுபடி உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது கையில் மூன்றாவது துணி இருந்தது. எங்கிருந்து எடுத்தாள்? கண் தெரியாமல் எடுத்தது.

மந்திரத்தை மறுபடியும் சொன்னாள். மறுபடியும். கை வண்டியைத் தடவியது. வண்டி ஒன்றும் சொல்லவில்லை.

"சீட்டுல இல்ல" என்றாள் மகனிடம். "எங்கன்னு தெரியல. ஆனா சீட்டுல இல்ல."

சின்னப்பராஜ் அப்போதுதான் அழுதான்.

கீழே காத்திருந்து பார்த்துவிட்டு ராஜாமணியும் மற்றவர்களும் திரும்ப மேலே வந்தார்கள். கதையைக் கேட்டார்கள். "வுட்டது வுட்டபடி இருக்கணும்னு நான்தான அண்ணி சொன்னேன்" என்று ராஜாமணி தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று யாரோ கேட்டார்கள். "வுட்டா காத்தால கூண்டுதான் இருக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

லாரி டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். வண்டியின் பின்னால் கட்டினார்கள். எஞ்சினைப் போடவில்லை. பச்சியப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சின்னப்பராஜும் ராஜாமணியும் மற்ற இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து வண்டியை இறக்கினார்கள். நரைத்த தாடிக்காரக் கிளீனர் லாரியையும் டிரைவரையும் டீக்கடையில் விட்டுவிட்டுக் கட்டையோடு கூட வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்தார். அவர்கள் மூச்சு வாங்கினார்கள். பிறகு எடுத்தார். சகாயமேரி வண்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

மேலே வந்துகொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"யாருங்க தவறிட்டது?"

"போன வருஷங்க" என்றான் ராஜாமணி.

பட்டறைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கறிச்சோறு ஆறியிருந்தது. பெண்கள் அண்டாவை மூடி வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டியை உள்ளே தள்ளினார்கள். பச்சியப்பன் இறங்கி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தங்கச்சி, முழுசும் கழட்டணும். வேற வழியில்ல. ஒவ்வொரு நட்டா. அவன் போட்டதெல்லாம்."

வருஷம் முழுவதும் யாரையும் தொட விடாத வண்டி. கூரையை வெட்டிய இடத்தில் அவர் அரம் போட்ட தழும்பு அப்படியே இருந்தது. கழற்றினால் அது பட்டறையில் கிடக்கும் மற்ற இரும்பு மாதிரி இரும்பு. யார் திரும்பப் பூட்டுவது? அவர் பூட்டியது போல் யார் பூட்டுவது?

கழற்றாமல் விட்டால், எப்போதாவது ஒருநாள் மகன் அதில் உட்காருவான். அவன் உட்காராவிட்டால் இன்னொருத்தி பெற்ற பிள்ளை உட்காருவான்.

"கழட்டுங்க" என்றாள்.

பச்சியப்பன் ஸ்பேனர்ப் பெட்டியை இழுத்தார். சின்னப்பராஜ் வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவன் உள்ளே வந்தான். சாக்கை விரித்தான். பச்சியப்பன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். அது தப்பு. இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான்.

முதல் நட்டு முரண்டு பிடித்தது. பச்சியப்பன் காலை ஊன்றி இழுத்தார். கிறீச்சென்று கழன்றது. அதைச் சாக்கின் மேல் வைத்தார்.

சகாயமேரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எது மூன்றாவது என்று தெரியாமல் மூன்று துணிகளையும் கையில் சுற்றியிருந்தாள்.

"அதுங்களா?"

"இல்ல தங்கச்சி. இது இறுக்கமாத்தான் இருக்குது."

அடுத்ததைக் கழற்றினார்கள்.

"அதுங்களா?"

"இதுவும் இறுக்கமாத்தான் இருக்குது."